சுருட்டை முடிக்கு எதை வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. அடர்த்தியான சுருட்டை முடி. தலை சீவும்போது தினமும் அழுகைதான். '100% இயற்கை, தேங்காயிலிருந்து எடுத்தது' என்று போட்டிருந்த ஷாம்பூவை 649 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்று வாரத்தில் முடி முன்பைவிடக் காய்ந்து பறட்டையாகிவிட்டது. பாட்டிலின் படத்தை அனுப்பியிருக்கிறேன். ஏமாந்துவிட்டேனா அக்கா? (திருப்பூர் வாசகி)

பதில்: பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த பெயர் சோடியம் லாரில் சல்பேட். கடையில் கிடைக்கும் நுரை பொங்கும் ஷாம்பூக்களில் பலவற்றில் இருப்பது இதுவோ இதன் நெருங்கிய உறவான லாரெத் சல்பேட்டோதான். அழுக்கை நன்றாக எடுக்கும். கூடவே முடிக்கு வேண்டிய எண்ணெயையும் வழித்து எடுத்துவிடும்.

'தேங்காயிலிருந்து எடுத்தது' என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ பிரித்த ஒரு பொருளைக் கந்தகச் சேர்மத்தோடு வினைபுரிய வைத்துத்தான் இந்தச் சல்பேட்டைத் தயாரிக்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பது வேறு, முடிக்கு மென்மையானது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நம்மில் பலர் காசை விடுகிறோம். பச்சை இலைப் படம் போட்ட பாட்டிலைப் பார்த்து நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன்.

சுருட்டை முடி ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்கிறது? மண்டைத்தோலில் ஊறும் எண்ணெய், நேரான முடியில் சுலபமாக நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு, பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் வேர்ப்பக்கம் எண்ணெய்ப்பசையாகவும் நுனி வைக்கோலாகவும் இருக்கும். முடியின் மேல் மீன் செதில் மாதிரி ஓர் அடுக்கு உண்டு. வளைவுகளில் அந்தச் செதில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழுகிறது. உங்கள் மகளின் அழுகைக்குக் காரணம் இதுதான். குழந்தை பொறுமையாக உட்காரவில்லை என்று திட்டாதீர்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள். 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் சேர்மானங்களை அளவில் பெரியதிலிருந்து சிறியது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் மாதிரியான பதப்பொருளை (பொருள் கெட்டுப்போகாமல் காக்கச் சேர்ப்பது) ஒரு சதவீதத்துக்கு மேல் போடமாட்டார்கள். ஆகவே கற்றாழை, செம்பருத்தி, நெல்லிக்காய் எல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் வந்தால், அவை பேருக்குத்தான் இருக்கின்றன. உங்கள் பாட்டிலில் முன்பக்கம் படமாக இருக்கும் நான்கு மூலிகைகளும் பட்டியலின் கடைசி வரியில்தான் இருக்கின்றன.

பட்டியலில் கோகமிடோபுரோப்பில் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு, சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் ஆகியவற்றில் ஒன்றிரண்டு முன்வரிசையில் இருந்து, லாரில் சல்பேட்டும் லாரெத் சல்பேட்டும் இல்லாமல் இருந்தால் எடுங்கள். நுரை குறைவாக வரும். அது குறை இல்லை. வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ போதும். கண்டிஷனர் தடவி, முடி ஈரமாக இருக்கும்போதே, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போங்கள். காய்ந்த சுருட்டை முடியை உச்சியிலிருந்து இழுத்துச் சீவினால் யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும்.

ஏமாற்றம் என்று புகார் செய்யலாமா? '100% இயற்கை' என்பதற்கு அவர்களால் ஆதாரம் காட்ட முடியாவிட்டால் அது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற தொனியில் 'இயற்கை', 'ஆர்கானிக்', 'தூய' போன்ற சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பாட்டி சொன்னாரே என்று சீயக்காய்க்கு மாறினேன். முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சுருட்டை முடிக்குச் சீயக்காய் ஆகாதா? (சேலம் வாசகி)

பதில்: ஆகும். ஆனால் உங்கள் பாட்டி சீயக்காயை மட்டும் போட்டிருக்கமாட்டார். முதலில் நல்லெண்ணெய் தலையில் ஊறியிருக்கும். சீயக்காயைக் குழைத்தது வடிகஞ்சியில். அந்த எண்ணெயும் கஞ்சியும் இல்லாமல் வெறும் சீயக்காயைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் முடி நாராகத்தான் ஆகும்.

சீயக்காயில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதுதான் அழுக்கை எடுக்கிறது. சோப்பு மாதிரி காரத்தன்மை இல்லாமல் லேசான புளிப்புத்தன்மை உள்ளதால் முடியின் செதிலைத் தூக்கிவிடாது. உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படிவது போலவும் இதற்கு ஆகாது. போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் எண்ணெயை எடுப்பதில் கெட்டிக்காரப் பொருள். அதை மட்டுப்படுத்தத்தான் கஞ்சி, பயறு, வெந்தயம் எல்லாம்.

பாக்கெட் தூளை விட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். சென்னைக்காரர்களுக்கு பாரிமுனைப் பக்கம் ராசப்பச் செட்டித் தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரிய கடைவீதியில் ஒன்றாவது இருக்கும். காயாகவே வாங்குங்கள், தூளாக வேண்டாம். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. காயில் பூஞ்சையும் வண்டும் உடனே தெரிந்துவிடும்.

சுருட்டை முடிக்கு நான் அரைக்கும் கணக்கு இது: சீயக்காய் அரை கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், காயவைத்த செம்பருத்தி இலையும் பூவும் இரண்டு கைப்பிடி, வாசனைக்குக் கொஞ்சம் பூலாங்கிழங்கு. பூந்திக்கொட்டை சேர்ப்பதில்லை. நேர்முடிக்குச் சரி, நமக்கு அது ரொம்பவே கடுமை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்திருக்கும் மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிட்டால் தலை முழுக்க எரியும். அரைத்து வந்ததும் மெல்லிய துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். திப்பி சுருளுக்குள் போய் மாட்டிக்கொண்டால் எத்தனை குடம் ஊற்றினாலும் வராது, அதை எடுக்கப் போய் முடிதான் அறும்.

குக்கரில் சோறு வைக்கும் வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது என்பீர்கள். ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இரவே ஊறவைத்து அரைத்து, வடிகட்டிய வழவழப்பில் குழையுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சேலத்தில் இருந்துகொண்டு அரப்பை மறக்கலாமா? உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த அந்தத் தூள் கொங்குப் பக்கத்தில் சந்தையில்கூடக் கிடைக்கும். தண்ணீரில் கரைத்தால் வழவழவென்று இருக்கும். என் முடிக்கு அது சீயக்காயைவிட இதமாக இருக்கிறது, சிக்கும் குறைவு. கொஞ்சமாக வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சீயக்காய் சோப்பு போடலாமா? நேரம் மிச்சமாகிறதே. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். சோப்பு என்று வந்துவிட்டால் அது காரத்தன்மை உள்ளது, சேர்ந்த சீயக்காய் எவ்வளவாக இருந்தாலும். சுருட்டை முடியில் செதில் தூக்கி, உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் பிசுக்காகப் படியும். நேரம்தான் பிரச்சினை என்றால் சல்பேட் இல்லாத ஷாம்பூ போடுங்கள், தப்பே இல்லை.

கேள்வி: மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். முடிக்கு அது தேவையா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் புகுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாரிக் அமிலம் செக்கு எண்ணெயிலும் இருக்கிறது, சாதாரணத் தேங்காய் எண்ணெயிலும் இருக்கிறது. தலைக்குத் தடவ மட்டும் என்றால் இரண்டு மடங்கு விலை வேண்டியதில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வேரைவிட நுனிப்பக்கம் அதிகமாகத் தடவுங்கள். 'ஹேர் ஆயில்' என்று போட்டு வரும் வாசனை எண்ணெயை வாங்கும் முன் பட்டியலைப் படியுங்கள். முதல் பெயர் மினரல் ஆயில் அல்லது லிக்விட் பாரஃபின் என்றால், அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. வழவழப்பு தரும், உள்ளே போகாது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் 'பதப்பொருள் இல்லாத' ஆளிவிதை ஜெல் இரண்டு பாட்டில் வாங்கினேன். பத்தாம் நாள் புளித்த வாடை, மேலே கறுப்புப் புள்ளி. கேட்டால் 'இயற்கைப் பொருள் அப்படித்தான் இருக்கும், திரும்ப வாங்கமாட்டோம்' என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: அந்த ஜெல்லைத் தலையில் வைக்காதீர்கள், அது பூஞ்சை. தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் பதப்பொருள் இல்லாமல் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்காது. வீட்டில் அரைத்த சட்னி நிற்குமா? பதப்பொருள் இல்லை என்பது பெருமையாக எழுத வேண்டிய விஷயமே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்து வாரத்துக்குள் தீர்க்கச் சொல்லி விற்றால் மட்டுமே அது நேர்மை.

பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். அழகுப்பொருளை விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் கட்டாயம். வீட்டிலேயே செய்வது, சிறு தொழில் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பெண்கள் வீட்டிலிருந்து தொழில் செய்வதை மனதார ஆதரிப்பவள் நான். ஆனால் உரிமம் எடுத்து ஒழுங்காகச் செய்யும் பெண்களும் இருக்கிறார்கள், காசு அவர்களுக்குப் போகட்டும்.

கெட்டுப்போன பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பணம் அனுப்பிய சான்று, உரையாடல், பாட்டிலின் படம் மூன்றையும் வைத்து முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915. அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: 'கறுப்பு மருதாணிப் பொடி' சுருளை மென்மையாக்குமாமே? (காஞ்சிபுரம் வாசகி)

பதில்: மருதாணி கறுப்பாகப் பிடிக்காது, செம்பழுப்புதான் வரும். கறுப்பு வேண்டும் என்றால் அதன்மேல் அவுரி போட வேண்டும். ஒரே பொடியில் அரை மணி நேரத்தில் கறுப்பு என்றால் பெரும்பாலும் பாரா-ஃபினைலின் டையமைன் என்ற சாயம் கலந்திருக்கும். சிலருக்குத் தலை வீங்கிக் கொப்புளம் வருமளவுக்கு அலர்ஜி கொடுக்கும் பொருள் அது. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சுத்தமான மருதாணியும் சுருட்டை முடியைக் கொஞ்சம் உலர்த்தும். மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஹாஸ்டலில் இருக்கிறேன். சுருளை ஒட்ட வெட்டித்தான் பழக்கம், இப்போது வளர்க்க ஆசை. ஜெல், கிரீம் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்ய முடியாது. (கோவை மாணவர்)

பதில்: தம்பி, வளர்த்துப் பாருங்கள், அழகாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூ, தலை எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அதனால் சல்பேட் இல்லாத சின்ன ஷாம்பூ ஒன்று உங்களுக்குக் கட்டுப்படியாகும். பாட்டிலின் மேல் மில்லிக்கு என்ன விலை என்பதும் போட்டிருக்கும், அதை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு கண்டிஷனரும் வாங்குங்கள். சீரம், மிஸ்ட், மாஸ்க் எதுவும் இப்போது வேண்டாம்.

ஜெல்லை ஊருக்குப் போகும்போது செய்துகொள்ளலாம். கால் டம்ளர் ஆளிவிதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக விழ ஆரம்பித்ததும் இறக்கி, சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள். ஆறிவிட்டால் துணியை விட்டு இறங்காது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரும். ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் இரண்டு நாளுக்கு மட்டும் கொண்டுபோங்கள். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது கைநிறைய எடுத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கி விடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒரு பழைய பனியனால் ஒற்றி எடுத்துவிட்டு, காயும்வரை கை வைக்காதீர்கள்.

காய்ந்ததும் மொடமொடவென்று இருக்கும், பயப்பட வேண்டாம். உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி கசக்கினால் உடைந்து மெத்தென்று ஆகிவிடும்.