பழைய பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் பழம்பொருள் கடை ஒன்றில் பழுப்பு நிறப் பீங்கான் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். அது கையால் வனைந்ததுதானா என்பதை எப்படி அறிவது? அதில் உணவு பரிமாறலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியைப் பாருங்கள். சக்கரத்தில் வனைந்த கலத்தின் அடியில், அதைக் கம்பியால் அறுத்தெடுத்த வரிகளோ கடைந்து சீவிய வளையமோ பெரும்பாலும் தெரியும். உட்புறத்தை விரலால் தடவினால் குயவரின் விரல் ஏறிய சுழல் மேடுகள் தட்டுப்படும். பக்கவாட்டில் நேர்கோடாக ஒரு தழும்பு ஓடினால் அது அச்சில் வார்த்தது. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்கலப் பட்டறைக்குப் பின் அவ்வட்டாரத்தில் ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுகிய மட்கலம்) வனைவு வேரூன்றியதால், உங்களுடையதும் அவ்வகையாக இருக்கக்கூடும். ஸ்டோன்வேர் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் மண் இறுகி நீரை உறிஞ்சாது. நகத்தால் சுண்டினால் மணிபோல ஒலிக்கும், விரிசல் இருந்தால் ஒலி மட்டுப்படும்.

உணவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குறைந்த வெப்பத்தில் சுட்ட பழைய கலங்களின் மெருகுப்பூச்சில் ஈயம் இருக்கலாம். புளிக்குழம்பு, தயிர், ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்கள் அதைக் கரைத்தெடுக்கும். வகை உறுதியாகும்வரை உங்கள் கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும்.