அரச குலத்தில் பிறந்த இந்தோனேசிய அரசியல்வாதிகளில் நீங்கள் பெரிதும் மதிப்பவர் யார்? ஏன்?

ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவின் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவையே சொல்வேன். விடுதலைப் போராட்டக் காலத்தில், 1946இல், கிழக்குச் சுமத்ராவின் அரச குடும்பங்கள் மக்கள் கிளர்ச்சியில் சிதைந்தன. பக்கத்திலேயே இருக்கும் சுரகார்த்தா அரண்மனையும் அதே ஆண்டில் ஆட்சியுரிமையை இழந்தது. யோக்யகர்த்தாவில் மட்டும் சுல்தானே தேர்தலின்றி ஆளுநராக இருப்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டமும் உறுதிசெய்திருக்கிறது. அந்தத் தகுதியை ஈட்டிக் கொடுத்தவர் இவர்தான்.

1912 ஏப்ரல் 12 அன்று பிறந்த இவருடைய இளமைப் பெயர் டோரோஜாதுன். நான்கு வயதிலேயே தந்தை இவரை அரண்மனையை விட்டு அனுப்பி ஒரு டச்சுக் குடும்பத்தில் வளரவிட்டார். அங்கே இவரை ஹென்கி என்று அழைத்தார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், 1939இல் போர் மூண்ட நேரத்தில் ஊர் திரும்பினார். வந்த சில நாட்களிலேயே தந்தை காலமானார். சுல்தானுக்கும் டச்சுக் காலனி அரசுக்கும் இடையிலான ஆட்சி ஒப்பந்தத்தின் விதிகள் குறித்து டச்சு ஆளுநர் லூசியன் ஆடமுடன் மாதக்கணக்கில் வாதாடிய பிறகு, 1940 மார்ச் 18 அன்று அரியணை ஏறினார். முழுக்க மேற்கத்தியக் கல்வி பெற்றிருந்தாலும் எல்லாவற்றுக்கும் முதலாகத் தான் ஒரு ஜாவாக்காரன் என்று முடிசூட்டு உரையிலேயே அறிவித்தார்.

ஜப்பானியர் ஆட்சியில் ஜாவா உழவர்கள் கட்டாய உழைப்புக்காகத் தொலைதூரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, இவர் நேருக்கு நேர் மோதாமல் வேறு வழி கண்டார். தம் மண் வறண்டது, கால்வாய் வெட்டினால்தான் நெல் விளையும் என்று ஜப்பானியரிடம் எடுத்துச் சொல்லி, புரோகோ, ஓபாக் ஆறுகளை இணைக்கும் மாத்தாரம் கால்வாயை வெட்டச் செய்தார். அதனால் பலர் சொந்த ஊரிலேயே வேலை செய்து உயிர் தப்பினார்கள். அந்தக் கால்வாய் இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது.

1945 ஆகஸ்டில் விடுதலை அறிவிக்கப்பட்டதும், யார் வெல்வார்கள் என்று காத்திராமல், செப்டம்பர் 5 அன்றே தம் நாடு குடியரசின் ஒரு பகுதி என்று பிரகடனம் செய்தார். 1946 ஜனவரியில் குடியரசின் தலைநகரமே யோக்யகர்த்தாவுக்கு மாறியது. கையில் காசில்லாத அந்த அரசுக்கு அரண்மனைக் கருவூலம் தோள்கொடுத்தது. அந்நாட்களைப் பற்றி ஊரார் இன்றும் ஒரு செய்தி சொல்வார்கள். சுல்தான் தாமே ஓட்டிவந்த வண்டியை, வாடகை வண்டி என்று நினைத்து அரிசி விற்கும் பெண் ஒருத்தி கைகாட்டி நிறுத்தினாளாம். இவர் மூட்டைகளைத் தாமே ஏற்றி, கிராங்கான் சந்தையில் இறக்கிவைத்துக் கூலி வாங்க மறுக்க, பணம் போதவில்லை என்று மறுக்கிறார்போலும் என அவள் திட்டித் தீர்த்தாள். ஓட்டியவர் யார் என்று தெரிந்ததும் மயங்கி விழுந்தாள்.

1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் படை நகரைப் பிடித்து, குடியரசுத் தலைவர் சுகர்னோவையும் துணைத் தலைவர் ஹத்தாவையும் சிறைப்பிடித்தது. சுல்தானைத் தொட அவர்கள் துணியவில்லை. இவரோ அவர்களோடு ஒத்துழைக்க மறுத்து அரண்மனைக்குள்ளேயே இருந்தார். 1949 மார்ச் 1 அன்று குடியரசுப் படை நகருக்குள் புகுந்து ஆறு மணி நேரம் அதைத் தன் வசம் வைத்திருந்த தாக்குதல், பின்னாளில் குடியரசுத் தலைவரான சுகார்த்தோவின் ஆட்சியில் அவருடைய சாதனையாகவே கொண்டாடப்பட்டது. யோசனை சுல்தானுடையது என்று 2022இல் வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை பதிவுசெய்திருப்பது எனக்கு மிகவும் நிறைவளிக்கிறது.

பிறகு பாதுகாப்பு அமைச்சர், துணைப் பிரதமர் எனப் பல பதவிகள் வந்தன. 1966இல் விலைவாசி அறுநூறு விழுக்காட்டுக்கு மேல் ஏறிக் கிடந்தபோது பொருளாதாரப் பொறுப்பை ஏற்றார். வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்கள் சுகார்த்தோவின் புதிய அரசை நம்பியதற்கு இவருடைய பெயரும் ஒரு காரணம் என்பேன். 1973இல் துணைக் குடியரசுத் தலைவரானவர், 1978இல் உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுமுறை அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். யோக்யகர்த்தாவின் ஆளுநர் பொறுப்பை மட்டும், 1988 அக்டோபரில் வாஷிங்டனில் காலமாகும் வரை அவர் விடவில்லை.