கோடி காட்டுதல்: கேட்டவர்களுக்குப் பதில்

பாம்பன் பக்கம் முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் என்பதால் இந்தச் சொல்லைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கீழக்கரையிலிருந்து: 'தலைவர் கோடி காட்டினார்' என்று செய்தியில் வருகிறதே, எந்தக் கோடி சார்?

பணக் கோடி இல்லை தம்பி. கோடி என்றால் முனை, ஓரம். தெருக்கோடி என்கிறோமே, அதுதான். நம் தனுஷ்கோடியும் வில்லின் முனைதான். விஷயத்தை முழுசாகச் சொல்லாமல் ஒரு முனையை மட்டும் நீட்டுவது கோடி காட்டுவது. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்ததும், மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்தபடி, "பையனுக்குப் பின்னால் ரெண்டு தங்கச்சிகள் கரையேறணும்" என்றார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். ஒன்று மட்டும், நடுவில் 'ட்டு' போடாதீர்கள். 'கோடிட்டுக் காட்டு' வேறு, அது கோடு போட்டு அழுத்திக் காட்டுவது.

தொண்டியிலிருந்து: சாடை பேசுவதும் இதுவும் ஒன்றா?

இல்லையம்மா. பக்கத்து வீட்டுக்காரி காதில் விழட்டும் என்று கோழியைத் திட்டுவது சாடை. அதில் முள் இருக்கும். கோடி காட்டுகிறவர் எதிராளி மனம் நோகக் கூடாது என்றுதான் பாதியில் நிறுத்துகிறார்.

தேவிபட்டினத்திலிருந்து: குறளில் உண்டா?

இந்தச் சொல் இல்லை. ஆனால் 'குறிப்பறிதல்' என்றே இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71 அரசனிடம் பழகுகிறவருக்கு, 110 காதலருக்கு. கோடி காட்டுவது ஒருவர் வேலை, குறிப்பறிவது மற்றவர் வேலை.

மண்டபத்திலிருந்து: கோடு போட்டுக் காட்டினாலும் பாதிதானே தெரியும்? இரண்டும் ஒன்றுதான் ஐயா, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள், அதுதான் என் வருத்தமே. கோடு போட்டால் எதிரில் இருப்பவருக்கு வேலை இல்லை, இதுதான் முக்கியம் என்று நீங்களே காட்டிவிடுகிறீர்கள். கோடி அப்படியில்லை. கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது கையில் கயிறுதான் இருக்கும், மீன் சேரும் வலையின் மடி கடலுக்குள் கிடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இழுக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலக்கணமும் அதையே சொல்கிறது. 'கோடியைக் காட்டு' என்பதில் 'ஐ' மறைந்து 'கோடி காட்டு' ஆனதால் க் மிகாது. 'கோடு இட்டு' வினையெச்சம், அதனால் 'கோடிட்டுக்' என்று மிகும்.

மண்டபத்திலிருந்து மறுபடியும்: பேச்சில் யார் இதைப் பார்க்கிறார்கள்?

பேச்சில் விடுங்கள். எழுத்தில் விட்டால் ஒரு நல்ல சொல் போய்விடும். 'சம்மதம் என்று கோடிட்டுக் காட்டினார்' என்றால் அவர் அழுத்தமாகச் சொன்னாரா, சொல்லாமல் உணர்த்தினாரா?

பரமக்குடியிலிருந்து: மருமகளுக்குக் கோடி காட்டினால் புரியவில்லை, என்ன செய்ய?

வெளிப்படையாகப் பேசுங்கள் அக்கா. இங்கே சொல்லுக்கு மட்டும்தான் பதில்.

ஏர்வாடியிலிருந்து: கோடிட்டுக் காட்டு, கோடி காட்டு, எது சரி?

மேலே படியுங்கள்.

சாயல்குடியிலிருந்து: 'ராஜினாமாவைக் கோடி காட்டினார்' சரியா?

காதுக்கு ஒட்டவில்லை. 'ராஜினாமா செய்யப்போவதாகக் கோடி காட்டினார்' என்று எழுதுங்கள்.