குப்பம்மாள்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் என் மகளுக்குப் பெயர் சூட்டுகிறோம். என் பாட்டி பெயர் குப்பம்மாள், வயது 81. அவர் நினைவாக ‘கு’வில் தொடங்கும் நவீனப் பெயர் ஒன்று சொல்ல முடியுமா? கூட்டு எண் ஐந்து வரவேண்டுமாம். பெண் பிறந்த வெறுப்பில்தானே அந்தக் காலத்தில் ‘குப்பை’ என்று வைத்தார்கள்? தெலுங்குப் பெயர் என்றும் சொல்கிறார்கள். பள்ளியில் யாராவது கேட்டால் பாட்டி பெயர் குமுதா என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

கூட்டு எண்ணை விடுங்கள். தெலுங்கா தமிழா என்ற வழக்கும் வேண்டாம். தெலுங்கில் பெண்டய்யா உண்டு, வடக்கே கூரேலால் உண்டு. எல்லாப் பெயரிலும் இருப்பது அதே குப்பைமேடுதான்.

‘வெறுப்பில்தானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். வெறுத்தவர்கள் ‘வேண்டாம்’ என்று வைத்தார்கள், ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்கள். அதையும் இதையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். குப்பம்மாள் இருந்த தெருவிலேயே குப்புசாமியும் இருந்தாரே, அவரை யார் வெறுத்தார்கள்? ஆண்பிள்ளைக்குத் தவம் கிடந்த வீடு, பிறந்த ஆண்பிள்ளைக்கே குப்பை என்று பெயர் வைத்தது ஏன்?

முன்னால் பிறந்ததெல்லாம் வரிசையாகச் செத்துப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள். எமன் எட்டிப் பார்த்தால், யாரோ எறிந்த பண்டம் என்று போய்விட வேண்டும். பிச்சை, தவிடன், மூக்கன் எல்லாம் இந்த வகைதான். எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் அவர் பிச்சை ஆனார்.

என் தாய்மாமா ஒரு குப்புசாமி. அவருக்கு முன் அம்மாயிக்கு நான்கு பிள்ளைகள். ராஜேந்திரன், சரோஜா என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். ஒன்றுக்குக் கக்குவான், ஒன்றுக்கு அம்மை, இரண்டு வயிற்றுப்போக்கில். ஐந்தாவதாக மாமா பிறந்ததும் அம்மாயி தானே எழுந்துபோய்க் குப்பைமேட்டில் கிடத்தியிருக்கிறாள். மூக்கும் குத்தினாள். துணி வெளுக்கும் வீட்டு அம்மாவுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றாள், பிறகு காலணா கொடுத்துத் திரும்ப வாங்கினாள். ‘பால் கொடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டேன் சாமி, என் கண்ணே பட்டுரும்னு’ என்று என்னிடம் சொன்னாள். எழுபது வயதில் சொன்னாள், அப்போதும் குரல் இறங்கித்தான் வந்தது.

தவிட்டுக்கு வாங்கிய அந்த அம்மாவை மாமா கடைசிவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் புடவை. சாதி பார்க்கிற ஊர்தான், முணுமுணுத்தது. அவர் இறந்தபோது மாமா மொட்டை அடித்துக்கொண்டார். அம்மாயி உயிரோடு இருந்தாள், திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

இப்போது யாரும் இந்தப் பெயர் வைப்பதில்லை, நாகரிகம் வந்துவிட்டது என்கிறார்கள். நாகரிகமா? இந்தியாவில் 1951 வாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 146 ஒரு வயதுக்குள் இறந்தன. தமிழ்நாட்டில் 2020இல் அது 13. குப்பம்மாளை வழக்கொழித்தது தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம், வீடு வீடாக நடந்த கிராம செவிலியர். உங்கள் மகளுக்கு எமனை ஏமாற்றும் பெயர் தேவைப்படவில்லை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. நவீனமாக எதையாவது நீங்களே பார்த்து வையுங்கள்.

குமுதா என்று பொய் சொன்னது சின்ன வயது, போகட்டும். இந்த வயதில், ஒரு சொல் விசாரிக்காமல், பாட்டியைப் பெற்றவள்மேல் வெறுப்பு என்று பழி போடுகிறீர்களே! கேட்க வேண்டியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கும்போது எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

இன்றைக்கே பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு முன்னால் எத்தனை பேர் பிறந்தார்கள், அவர்களுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள்.