பிரௌசர் வழியாக ஃபைல் அனுப்பினால் அது நடுவில் யாருடைய சர்வரிலாவது தங்குமா?

நண்பர் கேட்டிருப்பது இது: ஐபோனில் 4 ஜிபி வீடியோ இருக்கிறது, வீட்டில் விண்டோஸ் லேப்டாப். கேபிளும் ஆப்பும் இல்லாமல் பிரௌசரிலேயே அனுப்பலாம் என்கிறார்கள். அப்படி அனுப்பினால் வீடியோ வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது போய் உட்கார்ந்துவிடுமா?

சரியான தளத்தைப் பிடித்தால் உட்காராது. எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. வயரைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது.

தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ், பிரின்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க யாராவது ஃபோனை நீட்டி, "அண்ணே, இதை எப்படி அனுப்புறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 2020 ஜூன் மாதம் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்ததே, அந்தப் பட்டியலில் ஃபைல் அனுப்பும் செயலிகளான ஷேர்இட்டும் ஸெண்டரும் இருந்தன. அதன் பிறகு எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டார்கள். அதில் வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்காது, ஆனால் 2 ஜிபிக்கு மேல் போகாது. அப்போதுதான் பேர்டிராப் என்ற தளத்தைப் பழகினேன். இலவசம், திறந்த மூல நிரல், அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருக்க, இரண்டிலும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒன்றின் திரையில் மற்றொன்றின் பெயர் தெரியும். பெயரைத் தொட்டு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் எதிர்ப்பக்கம் அனுமதி கேட்கும். கொடுத்தால் போகத் தொடங்கும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இல்லாத நேரம், 3 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஒன்றை ஃபோனிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதி போயிருக்கும். இணைய இணைப்புப் பெட்டிக்குள் வரும் மஞ்சள் ஃபைபர் வயரை, அந்தப் பச்சை முனையைப் பிடித்துக் கழற்றினேன். சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கியது. இணையம் போய்விட்டது, வைஃபை மட்டும் இருக்கிறது. ஃபைல் நிற்கவே இல்லை. கம்ப்யூட்டரில், எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் வட்டம் மெதுவாக நிறைந்துகொண்டே போய் முழுதாக முடிந்தது. வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாதபோது எந்த சர்வருக்குப் போயிருக்க முடியும்?

இதற்குப் பின்னால் இருப்பது வெப்ஆர்டிசி என்ற நுட்பம். பிரௌசருக்குள் வீடியோ கால் பேசுவதற்காக வந்தது. 2011இல் கூகுள் இதன் நிரலை வெளியிட்டது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன் சஃபாரியிலும் சேர்ந்தது. 2021 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு முறையான தரமாக ஏற்றது. குரலையும் படத்தையும் அனுப்பும் அதே இணைப்பில் எந்தத் தரவையும் துண்டு துண்டாக அனுப்ப ஒரு தனி வழி உண்டு. ஃபைல் போவது அதில்தான்.

தளத்தின் சர்வர் கல்யாணத் தரகர் மாதிரி. இந்த வீட்டு விலாசத்தை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டு விலாசத்தை இந்த வீட்டுக்கும் கொடுக்கிறது. அப்புறம் இரண்டு வீட்டாரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சும் கட்டாயம் குறியாக்கம் ஆனது, அதாவது சாவி இருப்பவருக்கு மட்டுமே புரியும்படி பூட்டியது, வெப்ஆர்டிசியில் அதை அணைத்து வைக்க வழியே இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துச் சாவிகளின் அடையாளத்தைக் கைமாற்றிக் கொடுப்பதும் அதே தரகர்தான். தரகர் நாணயமில்லாதவராக இருந்தால் நடுவில் ஆள் மாறாட்டம் செய்ய முடியும். அதனால்தான் நிரல் வெளிப்படையாக இருக்கும் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். முன்பு பலரும் பயன்படுத்திய ஸ்நாப்டிராப் என்ற இதே மாதிரித் தளம் இப்போது லைம்வயர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. பேர்டிராப் அந்தப் பழைய நிரலிலிருந்து கிளைத்ததுதான். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து ஸ்நாப்டிராப் முகவரிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு தளம் நேரடியாக அனுப்புகிறதா, இல்லை அப்லோடு செய்து வைத்துக்கொள்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அனுப்புகிற பக்கத்தின் டேபை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகும் எதிர்ப்பக்கம் டவுன்லோடு ஆகிறதென்றால், ஃபைல் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பேரும் வெவ்வேறு ஊரில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். பேர்டிராப்பில் 6 இலக்க எண் போட்டு இரண்டு கருவியையும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கத்து நெட்வொர்க்கும் நேர்வழி விடாவிட்டால், டர்ன் எனப்படும் இடைநிலை சர்வர் வழியாகத்தான் தரவு போகும். பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் மாதிரி. திறந்து பார்க்க முடியாது, வைத்துக்கொள்வதும் இல்லை. வேகம்தான் குறையலாம். மொபைல் டேட்டாவில் இன்னொரு விஷயமும் பார்த்தேன். ஒரே பொது ஐபி முகவரியில் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வருகிறவர்களை ஒரே வீட்டார் என்று தளம் எடுத்துக்கொள்கிறது. மொபைல் நிறுவனங்களோ ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு தடவை முன்பின் தெரியாத இரண்டு கருவிகளின் பெயர் என் திரையில் நின்றது. அனுமதி கொடுக்காமல் எதுவும் உள்ளே வராது என்றாலும், தொடுவதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள்.

உங்கள் 4 ஜிபிக்கு வருவோம். ஃபோட்டோஸ் ஆப்பிலிருந்து நேராகத் தேர்ந்தெடுத்தால் ஐபோன் வீடியோவைச் சுருக்கிவிடலாம். முதலில் ஃபைல்ஸ் ஆப்பில் சேமித்து, அங்கிருந்து எடுங்கள். திரை அணைந்தால் இணைப்பு அறுந்துவிடும், அதனால் ஃபோனைச் சார்ஜில் போட்டுத் திரையை எரியவிடுங்கள். முடிந்தால் இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். நொடிக்கு 10 எம்பி கிடைத்தால் சுமார் 7 நிமிடம் ஆகும். லாட்ஜ், கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றோடு பேசாதபடி பூட்டி வைத்திருப்பது வழக்கம். அங்கே ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

வீட்டு லேப்டாப் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓர் அம்மா ஆதார் அட்டையை இப்படி என் கம்ப்யூட்டருக்கு அனுப்பி பிரின்ட் எடுத்தார். "நடுவுல யாரும் பாக்க மாட்டாங்கல்ல தம்பி?" என்று கேட்டார். மாட்டார்கள், ஆனால் இதோ இங்கே இருக்கிறது என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். அவர் முன்னாலேயே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். திரையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் பையிலிருந்து காசை எடுத்தார். எந்தக் கடையில் பிரின்ட் எடுத்தாலும் இப்படி நின்று அழிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார்.