வரப்பு தாண்டி வந்த பழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரத்தம் தெறிக்காத துப்பறியும் நாவல் ஒன்று எழுதிவருகிறேன். ஒரு பொதுத் தோட்டம், ஆளுக்கொரு பாத்தி, ஓயாத சண்டை. சங்கச் செயலாளர் மூலிகைத் தேநீர் குடித்த மறுநிமிடமே சுருண்டு விழுந்து இறக்கிறார். பக்கத்துப் பாத்திக்காரி அந்த வசந்தத்தில் விதைத்த ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுப் பூச்செடியின் இலை அதில் கலந்திருக்கிறது. கோடையில் பூத்து நிற்கும் செடி அவளைக் காட்டிக்கொடுக்கிறது. "ஒரு சாண் வரப்புக்காகக் கொலை செய்வார்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நோக்கம் பலவீனமா? துப்பறிபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பது தேய்ந்த வழக்கமா?

ம.

அன்புள்ள ம.,

துப்பறிபவர் யாராகவும் இருக்கட்டும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தேநீரைப் படித்தபோது கோபம் வந்தது. ஃபாக்ஸ்குளோவ் ஒரு நிமிடத்தில் யாரையும் வீழ்த்தாது. குமட்டல், வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது, நாடி தளர்வது என்று மணிக்கணக்கில் இழுக்கும். ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இலேயே இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். பொதுவாக வளரும் வகை முதல் ஆண்டு தரையோடு ஒட்டி இலை மட்டும் விடும். பூப்பது மறு ஆண்டில். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களை அறிந்தவர். உங்களை அங்கே போகச் சொல்லவில்லை. ஒரு விதையைத் தொட்டியில் ஊன்றிக் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லையென்றால் தோட்டத்தை ஏன் தொடுகிறீர்கள்? அந்தப் பூவாத முதலாண்டு இலையைக் காம்ஃப்ரே என்ற மூலிகை என்று நினைத்துக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் நிஜமாகவே உண்டு. தவறுதலா, கொலையா என்ற முடிச்சு அந்த இலையிலேயே இருக்கிறது.

வரப்பு பற்றிக் கேட்டீர்கள். சில நாள்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு ஒரு பொதுத் தோட்டத்தில் பாத்தி இருந்தது. ஓர் ஆண்டு தக்காளியும் அவரையும் கொழுந்திலேயே முடங்கின. புது இலைகள் கிண்ணம்போல் குவிந்து, பெரணி இலையாக முறுக்கிக்கொண்டன. பக்கத்துப் பாத்திக்காரர் களைக்கொல்லி தெளிப்பவர். பந்தல் நிழல் விழுகிறது என்று அவரோடு ஏற்கெனவே மனத்தாங்கல். அம்மா எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் குறுக்கே விழுந்து கத்தினேன். மறுநாளிலிருந்து நாங்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து தன் பாத்திக்குத் தண்ணீர் விட்டுப் போனார்.

அமினோபைராலிட் பற்றி வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கும் களைக்கொல்லி. புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைக் கடந்தும் சிதையாமல் சாணத்தோடு வந்துவிடும். மக்கிய எருவிலும் தங்கும். 2008இல் பிரிட்டனில் பல தோட்டங்கள் இப்படி முடங்கி, அதன் விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆண்டு அம்மாவின் பாத்திக்கு எரு வாங்கிவந்து கொட்டியவன் நான்.

தடயம் அத்தனையும் காலடியில் கிடந்தது, ம. மருந்து காற்றில் வந்திருந்தால் அவர் பக்கத்து வரிசை அதிகம் பட்டு, தள்ளிப் போகப் போகக் குறைந்திருக்க வேண்டும். எங்கள் பாத்தியில் எரு விழுந்த இடமெல்லாம் ஒரே சீராக முடங்கியது. எரு போதாமல் விட்ட ஓரம் அவர் வரப்பை ஒட்டியதுதான். அங்கே நான்கு அவரைக்கொடி தழைத்துக் காய்த்தது. முடங்கிய தக்காளிக்கு நடுவே மக்காச்சோளம் நிமிர்ந்து நின்றது, அது புல்லினம் என்பதால். சந்தேகமான எருவை ஒரு தொட்டி மண்ணில் கலந்து, எரு கலக்காத தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அவரை ஊன்றியிருந்தால் சில வாரங்களில் தெரிந்திருக்கும். செய்யவில்லை. எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் பாத்திக்காரி வரப்புக்காகக் கொல்ல வேண்டாம். செயலாளர் கூட்டம் கூட்டி அவள்மேல் இதேபோல் களைக்கொல்லிப் பழி போடட்டும், பாத்தியைப் பறிக்கட்டும். தன்மேல் குற்றமில்லை என்று காட்ட அவள் இரண்டு தொட்டியில் அவரை ஊன்றி வாசலில் வைத்திருக்கட்டும். ஒருவரும் குனிந்து பார்க்காமல் கடந்து போகட்டும். அதற்குப் பிறகு அவள் தேநீர் போடுவதை எழுதுங்கள், நான் நம்புகிறேன்.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பக்கத்துப் பாத்திக்காரரைத் தேடிப் போனேன். அந்தப் பாத்தியில் வேறு யாரோ தக்காளி நட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"எருவைப் பாருங்கள் என்றுதான் அவர் அன்றைக்குச் சொல்ல வந்தார். நீதான் பேசவிடவில்லை" என்றார்.