ரயிலில் ஏறினாலே படபடப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 34. கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் லோக்கல் ட்ரெயினில் போய் வருகிறேன். ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற வேலை. சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் நல்ல கூட்டம், பல்லாவரம் தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், செத்தே போய்விடுவேன் என்று நினைத்துவிட்டேன். பரங்கிமலையில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சரியானது. ஈ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். ஆனால் அன்றிலிருந்து ரயிலில் ஏறினாலே அதே பயம். கதவோரமாகத்தான் நிற்பேன், கூட்டமான வண்டியை விட்டுவிடுவேன், பாதி வழியில் இறங்கிவிடுவேன். ஆபீஸுக்கு லேட்டாகிறது, அங்கே திட்டு. மாதத்தில் 11, 20 தேதிகள் நெருங்கினால் இன்னும் மோசம். கணவர் ‘நீ ரொம்ப யோசிக்கிறே’ என்கிறார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். தெருமுனை டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டே திரிகிறேன். தோழி சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்கிறாள். உட்கார்ந்து பேசுவதற்கா அவ்வளவு காசு? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?
*(பெயர் வேண்டாம், கூடுவாஞ்சேரி)*

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். விடவே கூடாது என்று சொல்லவில்லை. ரயிலுக்குப் பயந்து விட்டீர்களானால் பயம் ரயிலோடு நிற்காது, அடுத்து பஸ், அப்புறம் கல்யாண மண்டபம், தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெரு என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். இந்தப் பயத்தின் குணமே அதுதான். முதலில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சம்பளம் போதவில்லை, முதலாளி சரியில்லை, இவ்வளவு தூரம் எனக்குக் கட்டுப்படியாகாது என்று நிதானமாகக் கணக்குப் பார்த்து விட்டால், அது உங்கள் முடிவு, யாரும் கேள்வி கேட்க முடியாது.

உங்களுக்கு அன்று வந்ததைப் பார்த்தால் பேனிக் அட்டாக் மாதிரித்தான் இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு தயாராகும் அல்லவா, அந்த ஏற்பாடு ஆபத்தே இல்லாத நேரத்தில் முழு வேகத்தில் ஓடத் தொடங்குவதுதான் இது. தெரிந்தவர் வந்தாலும் குரைக்கிற வீட்டு நாய் மாதிரி. அட்ரினலின் ஏறுவதால் இதயம் வேகமாக அடிக்கிறது. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரத்துப்போவதும் தலை லேசாவதும். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், ஆனால் மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் வருவது, இந்த நேரத்தில் அது சற்று ஏறித்தான் இருக்கும். பயம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும்.

இதில் ‘தானாகவே’ என்பதுதான் முக்கியம். நீங்கள் பரங்கிமலையில் இறங்கினீர்கள், படபடப்பு அடங்கியது. இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனசு எழுதி வைத்துக்கொண்டது. இறங்காமல் இருந்திருந்தால் கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ அது பாட்டுக்கு அடங்கியிருக்கும், ஆனால் அதை நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதற்குள் இறங்கிவிடுகிறீர்கள். கதவோரம் நிற்பது, கூட்டமான வண்டியை விட்டுவிடுவது, பர்ஸில் இருக்கிற மாத்திரை எல்லாமே இதே ரகம். அந்த நிமிடத்துக்கு உதவுகிற மாதிரி இருக்கும், பயத்துக்குச் சோறு போட்டு வளர்க்கும்.

சரி, சைக்காலஜிஸ்ட்டிடம் போனால் என்ன நடக்கும்? பேச்சு உண்டு, ஆனால் அதில் பாதிக்கு மேல் பயிற்சி. உங்கள் மாதிரிப் பிரச்சினைக்கு அதிகம் சோதித்துப் பார்த்து நிரூபிக்கப்பட்ட முறை சி.பி.டி., அதாவது காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி. ஒரு நோட்டுப் போடச் சொல்வார்கள். எந்த ஸ்டேஷன், என்ன நினைப்பு வந்தது, பயம் நூற்றுக்கு எவ்வளவு, கடைசியில் என்ன ஆனது என்று எழுத வேண்டும். ‘விழுந்துவிடுவேன்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள், ‘விழுந்தேன்’ என்று ஒரு வரி இருக்காது. அப்புறம் ஒரு வேடிக்கையான பயிற்சி இருக்கிறது. அறையிலேயே உட்கார வைத்து மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றி விடுவார்கள். ரயிலில் வந்த அதே மூச்சு முட்டல், அதே தலைசுற்றல் வரும், ஆனால் வேண்டுமென்றே நாமே வரவழைத்தது. நாலைந்து தடவை செய்ததும் இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று சிலருக்குச் சிரிப்பே வந்துவிடும். (ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதைச் செய்ய மாட்டார்கள். வீட்டில் தனியாகவும் முயற்சி செய்ய வேண்டாம்.)

அடுத்தது, பயப்படுகிற இடத்துக்கே படிப்படியாகப் போவது. முதல் நாளே காலை எட்டரை மணி பீச் வண்டியில் உங்களைத் திணிக்க மாட்டார்கள். பிளாட்பாரத்தில் நின்று நாலு வண்டி போவதைப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரப்பாக்கம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன், அப்புறம் தாம்பரம், அப்புறம் கதவிலிருந்து தள்ளி நடுவில் உட்கார்ந்து கிண்டி வரை என்று போகும். பயம் ஏறும்போது இறங்காமல் அது இறங்குகிற வரை உள்ளேயே இருப்பதுதான் பாடம். வாரம் ஒருமுறை என்று பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். நாலைந்து அமர்வு முடிந்த பிறகும் செய்துவரச் சொல்லி எதுவும் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆளை மாற்றுங்கள். மனசைக் கொட்டினால் பாரம் குறையும்தான், ரயில் பயம் போகாது.

காசு விஷயம். சென்னையில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம்தான். ஆனால் உங்கள் ஊருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காலையில் எல்லோரும் பீச் பக்கம் முண்டியடிக்கும்போது செங்கல்பட்டுப் பக்கம் போகிற வண்டி ஓரளவு காலியாக இருக்கும். மருத்துவமனைக்குப் போன மாதிரியும் ஆயிற்று, முதல் பயிற்சியைத் தொடங்கின மாதிரியும் ஆயிற்று. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. 1794-ல் தொடங்கிய இடம், அங்கே போனாலே ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பேச்சும் அதே அளவு பழசு. உங்களை மாதிரி வேலைக்குப் போய் வருகிறவர்களும் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அல்பிரசோலம், குளோனசெபம் வகையாக இருந்தால் அது உடனே அமைதிப்படுத்தும், அதனாலேயே பழக்கமாகிவிடும். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கணவரை ஒரே ஒரு அமர்வுக்கு அழைத்துப் போங்கள். ‘யோசிக்காதே’ என்பதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றுக்கொள்வார். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் மோசம் என்கிறீர்களே, ரிட்டர்ன் கடைசித் தேதிகள், அது உங்கள் கற்பனை இல்லை, நிஜமான சுமை. அந்த வாரங்களில் முன்னாடியே வந்து முன்னாடியே கிளம்பலாமா, கிளையண்ட்டுகள் பில்லை 5-ம் தேதிக்குள் அனுப்பும்படி ஆபீஸிலிருந்தே கறாராகச் சொல்லலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிற ஆபீஸைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துக்கொள்வதற்காக யாரும் தெரபிக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: வயது 27, ஐ.டி. வேலை. மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் பைக். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆர். டிராஃபிக்கைச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி அமெரிக்கா கால் முடிய பதினொன்று ஆகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைக் கலக்குகிறது, தூக்கம் போய்விட்டது. கம்பெனியில் இலவச கவுன்சலிங் இருக்கிறது. அங்கே போனால் மேனேஜர் காதுக்குப் போகுமா? இன்ஷூரன்ஸில் கிடைக்குமா? ஆன்லைனில் பேசினால் பலன் உண்டா?
*(வாசகர், சென்னை-100)*

பதில்: தம்பி, பெரும்பாலான கம்பெனிகள் இந்த கவுன்சலிங்கை வெளி நிறுவனத்திடம்தான் கொடுத்திருக்கும், கம்பெனிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்கிற மாதிரிப் பொதுவான கணக்கு மட்டும் போகும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது, உயிருக்கு ஆபத்து என்பது மாதிரிச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் சட்டத்தை நம்பி வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். முதல் அமர்வில் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்: ‘நான் சொல்வது எங்கே எழுதப்படும், யார் பார்ப்பார்கள்?’ நேரடியாகப் பதில் வராமல் மழுப்பினால் வேறு இடம். ஆபீஸ் மெயில் ஐடியில் பதிவு செய்யாமல் சொந்த மெயிலையும் சொந்த போனையும் கொடுங்கள்.

இந்த இலவச அமர்வுகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பது வழக்கம். ஆரம்பிக்க அது நல்ல இடம், அங்கேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியே பார்ப்பதென்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேட்டு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆர்.சி.ஐ. நம்பர் என்றால் அவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் மாலைச் சூரியனுக்கு மேலே நாலு வரி எழுதிப் போடுகிறவர்கள் எல்லோரும் தெரபிஸ்ட் இல்லை.

இன்ஷூரன்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்று மேலே சொன்ன சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், வாரம் ஒருமுறை போய் வருகிற கவுன்சலிங்குக்குப் புறநோயாளிச் செலவையும் சேர்த்த பாலிசியாக இருக்க வேண்டும். உங்கள் குரூப் பாலிசியில் ‘ஓ.பி.டி.’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பதற்றத்துக்கு ஆன்லைன் தெரபி நன்றாகவே உதவுகிறது. சிக்கல் இடம்தான். ஹாலில் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் குசுகுசுவென்று எதைப் பேசுவீர்கள்? பலர் மொட்டை மாடிக்குப் போகிறார்கள், நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு. போகிற வழியில் ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு மட்டும் பேசாதீர்கள், சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டு அழுவதற்கா தெரபி? அப்புறம், ராத்திரி காலுக்கு முன்னால் எத்தனை காபி என்று நீங்கள் எழுதவில்லை. மத்தியானத்துக்கு மேல் காபியை நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். தூக்கம் எந்த அளவுக்குத் திரும்புகிறது என்பது தெரபிஸ்ட்டுக்கும் உபயோகமான தகவல்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பதற்றத்துக்காக மூன்று மாதமாக எஸ்சிடலோபிராம் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆயுசுக்கும் பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வரன் பார்க்கிறோம், அதற்குள் நிறுத்திவிடச் சொல்லலாமா?
*(ஒரு தாய், விழுப்புரம்)*

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. நன்றாக இருக்கிறான் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். இது தூக்க மாத்திரை வகை இல்லை, போதை ஏற்றி இன்னும் கொடு என்று கேட்க வைக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், பழைய பதற்றமும் திரும்பலாம். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து கொடுத்துவிட்டுப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். எப்போது என்று டாக்டர் சொல்லட்டும், முகூர்த்தத் தேதி சொல்ல வேண்டாம்.

பெண் வீட்டாரிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கட்டத்தில் தரகரிடம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு உறுதியாகிற நேரத்தில் பையனே அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லட்டும். கல்யாணமான பிறகு பெட்டியில் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கே இதையெல்லாம் யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.